மணி அடிக்காத மூன்றாம் பீரியட்

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த பஸ் இப்படியே குடைசாயட்டும். பயப்படாதீர்கள், சாயாது. ரயில்வே கேட்டில் நிற்கிற பஸ் எங்கே சாயும்? அதனால்தான் இங்கே வைத்துச் சத்தியம் செய்கிறேன். ஓடுகிற பஸ்ஸில் செய்ய மாட்டேன். மற்றவர்களும் ஏறியிருக்கிறார்கள் அல்லவா.

கையில் பழுப்புக் கவர், கவருக்குள் ஆர்டர், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஏறும்போதே தெரிந்துவிட்டது, வாத்தியார் என்று. கணக்கா? புளியங்கேணிப் பள்ளிக்கூடத்துக்கா? பத்தாம் வகுப்புக்கு, ஜனவரி மாதத்தில், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதா? சரிதான். அப்படியானால் இதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் இறங்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் இருந்தவன் நான்.

வாத்தியாராக இல்லை. அதைவிடப் பெரிய வேலை. மணி அடிக்கிற வேலை. காகிதத்தில் அலுவலக உதவியாளர் என்று போடுவார்கள். பிள்ளைகள் பெல் மாமா என்பார்கள். பத்தாம் வகுப்பு வராந்தா உத்தரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், இப்போதும் தொங்கும், போய்ப் பாருங்கள். அதை அடிப்பதற்கு ஒரு கை வேண்டும். ஒருமுறை நாலாம் பீரியடுக்கு நான் அடித்த அடியில், எட்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்டேஷனில் நின்ற ரயில் கிளம்பிப் போய்விட்டது. கார்டு பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர்கூடத் தெரியும், சொல்ல மாட்டேன், பேரன் பேத்தி எடுத்த மனிதர்.

அவ்வளவு பெரிய வேலை பார்த்தும் எனக்கு அங்கே ஒரு நாற்காலி கிடையாது. எச்.எம்முக்கு நாற்காலி. வாத்தியார்களுக்கு நாற்காலி. வாத்தியாரோடு சண்டை போட வருகிற தகப்பனுக்கும் நாற்காலி. எனக்கு ஸ்டூல். இருபத்தேழு வருஷம் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்து பாருங்கள், தெரியும். அதுகூடப் போகட்டும் என்பேன். என் பெண்டாட்டியின் தம்பி ஒருவன், பொன்னுதுரை என்று பெயர், ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க். கைவைத்த நாற்காலி. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஆபீஸில் சாய்ந்து சாய்ந்து இதே பழக்கமாகப் போய்விட்டது அத்தான் என்பான். முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டிருப்பேன்.

நானும் ரெக்கார்டு கிளார்க் ஆகலாம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். நான் தேறியவன்தான், கணக்கைத் தவிர. கணக்கை ஆறு தடவை எழுதினேன். பதினொன்று, பதினேழு, ஒன்பது, இருபத்து மூன்று, மறுபடியும் ஒன்பது, பத்தொன்பது. வேண்டியது முப்பத்தைந்து. ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தது. அந்த மார்ச்சில் தேறினால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறும். தேறாவிட்டால் அதே ஸ்டூலில் உட்கார வைத்து மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். எச்.எம். அம்மாவிடம் கெஞ்சினேன். கணக்குப் பீரியடுக்கு மட்டும் போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள், ஆனால் மணி ஒரு நிமிஷம் தவறக்கூடாது என்றார். மூன்றாம் பீரியட் கணக்கு. கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரம் என் இடம். அங்கிருந்து பார்த்தால் ஆபீஸ் கடிகாரம் தெரியும், கையை நீட்டினால் தண்டவாளம். ஐம்பத்தாறு வயதில், மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு நடுவில்.

அப்போது கணக்கு எடுத்தவர் ஆசீர்வாதம் சார். அவரைப் போல் ஒரு வாத்தியார் இனிமேல் பிறக்க வேண்டும். பாடம் நடத்தவே மாட்டார். பாடம் நடத்தினால் பிள்ளைகள் குழம்பிவிடும் என்பது அவருடைய கொள்கை. முப்பத்தைந்து வாங்க என்ன வேண்டுமோ அதை மட்டும் கொடுப்பார். வடிவியலில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று, பாக்கிக்கு ஒரு மார்க் கேள்விகள். ஒருவன் முப்பத்தாறு எடுத்துவிட்டான் என்றால், அந்த ஒரு மார்க்கை எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறாய் என்று கேட்பார்.

ஒரு மார்க் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த முறை இருக்கிறதே, அதுதான் விசேஷம். புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் சரியான விடையைத் தேர்ந்தெடு என்று ஏ, பி, சி, டி போட்டிருக்கும் அல்லவா? கேள்வியை விட்டுவிடுவார். விடையையும் விட்டுவிடுவார். எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். மேஜையில் பிரம்பால் தட்டுவார், நாங்கள் சொல்வோம். இரண்டாம் பாடம்: ஏ, சி, சி, பி, டி, ஏ, பி, பி. மூன்றாம் பாடம்: டி, ஏ, டி, சி, பி, சி, ஏ. நாற்பத்தொரு பிள்ளைகளும் நானும் சேர்ந்து சொன்னால் ஊர்க்கோயில் பஜனைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். முதல் குரல் நான்தான். நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது சார் கண்ணை மூடி ரசிப்பார். சில நாள் ரசனை அதிகமாகி லேசாகக் குறட்டைகூட வரும்.

வகுப்பில் உட்காருவதற்கு முன்பே, வராந்தாவில் நின்று கேட்டே, அந்த முறையில் நான் மூன்று தடவை பரீட்சை எழுதியிருந்தேன். மூன்று தடவையும் கேள்வித்தாள்காரன் வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துவிட்டான். அதற்கு சார் என்ன செய்வார்? பள்ளியில் வருஷா வருஷம் பாதிப் பேர் தேறிவிடுவார்கள். மீதிப் பாதி ராசியில்லாதவர்கள்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று ஆசீர்வாதம் சாருக்கு மாறுதல் ஆர்டர் வந்தது. அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது வருஷமாக யாரோ விடாமல் மனுப் போட்டு அவரை அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்களாம், எல்லா மனுவிலும் அவருடைய கையெழுத்தையே போட்டு. வழியனுப்பு விழாவில் அவருக்குக் கண்ணீர் தாங்கவில்லை. எங்களைப் பிரிகிற துக்கம். மூன்று மணி விழாவுக்கு இரண்டரைக்கே பையோடு வந்துவிட்டார். மாலை கழுத்தில் விழுந்ததும் அதோடே ஓடி மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்தார். நின்றால் மனசு மாறிவிடும் என்று பயந்திருக்கிறார், பாவம். பிள்ளைகள் பேசுவதற்கு எழுதி வைத்திருந்த காகிதத்தை பஸ் ஜன்னலில் நீட்டினேன். கையை ஆட்டுகிறேன் என்று நினைத்து அவரும் ஆட்டினார்.

அதற்கு மூன்றாம் நாள் கடையநல்லூர் பஸ்ஸிலிருந்து சபூரா டீச்சர் இறங்கினார். முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, தோளில் துணிப்பை, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். குரல் என்றால் குரலே இல்லை. ஆசீர்வாதம் சார் அதட்டினால் மூன்று தெருக் காக்கை எழும்பும். இந்தக் குரலுக்கு மேஜையில் உட்கார்ந்த ஈ எழும்பாது. முடிந்தது நம் கதை என்று நினைத்தேன்.

முதல் பீரியடிலேயே, இதுவரை என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்களுக்குப் பெருமை. நான் தொண்டையைக் கனைத்தேன், முழு வகுப்பும் ஒன்று முதல் பன்னிரண்டு பாடம் வரை பாடி முடித்தோம். டீச்சர் கடைசி வரை கேட்டார். பிறகு திரும்பி, போர்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார். கீழே நாலு விடை. யாராவது சொல்லுங்கள் என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு முப்புடாதி எழுந்தாள். தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டுப் பெண், வகுப்பில் முதல் ஆள், எனக்கு அடுத்தபடியாக.

"இது எத்தனாவது கேள்வி டீச்சர்? பாடமும் நம்பரும் சொன்னீயன்னா எழுத்தைச் சொல்லிருவோம்."

"நம்பர் கிடையாது. கேள்வியைப் படிச்சுப் பாரு."

"கேள்வியப் படிக்கக் கூடாதுன்னு சார் சொல்லிருக்காவ டீச்சர். படிச்சா குழம்பிருமாம்."

டீச்சர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எங்கள் நாற்பத்திரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிற்பார் பாருங்கள், அந்த மாதிரி. பிறகு ஒன்றாம் பாடம் முதல் பக்கத்தை எடுக்கச் சொன்னார். ஜனவரி இருபத்தோராம் தேதி, தம்பி. ஒன்றாம் பாடம். முதல் பக்கம். நான் பயந்து போனேன். என் நாற்காலியை யாரோ காலைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது.

என்னால் என்ன செய்ய முடியும்? மனுக் கொடுக்கலாம். யார் படிப்பார்கள்? ஆனால் என் கையில் மணி இருந்தது. மறுநாளிலிருந்து நாற்பத்தைந்து நிமிஷக் கணக்குப் பீரியடை முப்பதில் முடித்தேன். ஒன்றாம் பாடம் எப்படி முடிகிறது பார்ப்போம் என்று. மிச்சமாகிற பதினைந்து நிமிஷத்தைக் குப்பையில் போட முடியாது, எச்.எம். அம்மா கேட்பார். அதை நாலாம் பீரியடில் சேர்த்தேன். நாலாம் பீரியட் தமிழ். தமிழய்யா பாவம், ஒரு மணி நேரம் நின்று பேச வேண்டும். இரண்டு வாரத்தில் அந்த வருஷப் பாடம் முடிந்தது. மூன்றாம் வாரம் அடுத்த வருஷப் பாடமும் முடிந்தது. நாலாம் வாரம் அவர் தன் கல்யாணக் கதையை ஆரம்பித்தார். பெண் பார்க்கப் போன இடம் ஏழு. பிள்ளைகள் ஏழாவது வீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சபூரா டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. மணி அடித்ததும் கையிலிருக்கும் வாட்சைப் பார்ப்பார். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாட்ச் ஓடவில்லை போலிருக்கிறது, புதிது வாங்க வசதியில்லையோ என்று எனக்கே பரிதாபமாக இருந்தது. ஆனால் ஆள் விடவில்லை. காலைப் பிரார்த்தனைக்கு அரை மணி முன்னால் வந்து உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளைகளையும் விடவில்லை. ஒரு தட்டுக்கு அரை நிமிஷம் என்றால் இருபத்தாறாவது ஆளுக்கு எப்போது சோறு, உனக்கு முன்னால் இரண்டு பேர் புகுந்துவிட்டால் எப்போது என்று கேட்பார். பிள்ளைகள் வாயாலேயே போட்டுச் சொன்னார்கள். பசி வந்தால் யாருக்கும் கணக்கு வரும். அதில் டீச்சர் திறமை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி நடுவில், எழுத்துப் பாட்டு வகுப்பில் செத்துவிட்டது. மூன்றாம் பாடம் என்று நான் எடுத்துக் கொடுத்தால் பின்பாட்டுக்கு ஆள் இல்லை. முப்புடாதியே, சும்மா இருங்க மாமா, கணக்கு போட்டுக்கிட்டிருக்கேன்லா என்றுவிட்டாள். ஆசீர்வாதம் சாரைப் பார்த்தால்தான் சரிவரும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு சீப்பு ரஸ்தாளியோடு கிளம்பினேன். அந்த வருஷத்துக்கு என்று புதிதாக ஏதாவது பாட்டு வைத்திருப்பார், எனக்கு மட்டும் தராமலா போவார்?

நல்ல வீடு, நல்ல வாசல். சார் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் அவர் மகள் ஜெமிமா, அவளும் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு, தரையில் நோட்டை விரித்துக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கம் பக்கமாக. ஒரே கணக்கு மூன்று பக்கத்துக்கு ஓடியது. பாவம் குழந்தை, தகப்பனிடம் இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன். அன்பாக, பாப்பா, இரண்டாம் பாடத்துக்கு எழுத்துச் சொல்லு பார்ப்போம் என்றேன்.

"என்ன எழுத்து மாமா?"

நான் ஏ, சி, சி, பி என்று ஆரம்பித்துக் கொடுத்தேன். பிள்ளை விழித்தது. தகப்பனைப் பார்த்தது. சார் பேப்பரை மடித்தார். உள்ளே போய்ப் படிம்மா என்றார் அவளிடம். வெகுநேரம் பேப்பரை மறுபடியும் மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார், சட்டைப் பையில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக. பிறகு, "பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் மூணு மணிக்குத்தான் அண்ணாச்சி" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர், சொந்த மகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லாமல் போய்விட்டதே என்று. தியாகம் தம்பி, வேறென்ன. ரஸ்தாளியை வாசல் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியில் புரோட்டாக் கடையில் உட்கார்ந்து நாலு சொன்னேன். ஒன்றுகூட இறங்கவில்லை. மாவு சரியில்லை.

திங்கட்கிழமை, வகுப்பு முடிந்ததும் நான் போகாமல் நின்றேன். டீச்சர் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நம்பரு இல்லாம ஒரு கேள்வி வந்துட்டுன்னா என்ன செய்யணும்?"

"படிக்கணும் அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் போய் பி.எட். வரை படித்திருக்கிறார்.

அன்றிலிருந்து மணியை மாற்றினேன். முப்பது நிமிஷம் போதாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. மூன்றாம் பீரியடை ஐம்பது நிமிஷம் ஆக்கினேன், பிறகு ஒரு மணி, பிறகு ஒரு மணி பத்து. டீச்சர் வாட்சைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அடுத்த கணக்கை எழுதுவார். தமிழய்யாவுக்கு நாலாம் பீரியடில் மிஞ்சியது இருபது நிமிஷம். அவர் ஆறாவது பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மணி அடித்துவிடும். ஏழாவது வீட்டில் என்ன நடந்தது என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இப்போதுதான் முக்கியமான நாள் வருகிறது. கொஞ்சம் கிட்ட வாருங்கள். முன் சீட்டுக்காரர் கழுத்தைத் திருப்புகிறார்.

பிப்ரவரி கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வந்து எச்.எம். அறையில் ரெஜிஸ்டர்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்பில் அன்று வரைபடம். எக்ஸ் கொடுத்தால் ஒய் கண்டுபிடித்து, புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஆசீர்வாதம் சார் காலத்தில் வளைவை முதலில் வரைந்துவிட்டு அதன்மேல் புள்ளி வைப்போம். அழகாக இருக்கும். மார்க்தான் வராது. டீச்சர், நீங்களாகப் போடுங்கள் அண்ணாச்சி என்று என் கையில் ஒரு வரைபடத்தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் போட்டேன். மூன்றுக்கு ஒன்பது. இரண்டுக்கு நாலு. ஒன்றுக்கு ஒன்று. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். மைனஸ் ஒன்றுக்கு என்ன வரும் என்று வெகுநேரம் யோசித்தேன். யோசித்தால் மறுபடியும் ஒன்றுதான் வருகிறது. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று டீச்சர் சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை. வைத்தேன். மைனஸ் இரண்டுக்கு நாலு. இடதுபக்கம் வலதுபக்கம் மாதிரியே ஏறுகிறது தம்பி. யாரும் ஏறச் சொல்லவில்லை. நான் வரையவே இல்லை. அதுவாக வருகிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தாளைத் தவிர உலகத்தில் எதுவுமே எனக்குத் தெரியவில்லை. ஜன்னலும் தெரியவில்லை, கடிகாரமும் தெரியவில்லை.

மணி அடிக்காமல் எங்கள் பள்ளியில் ஒரு குஞ்சு வெளியே வராது. அதிகாரி வந்திருக்கிற நாளில் வாத்தியார்களும் வர மாட்டார்கள். ஆறாம் வகுப்பில் அன்று ஒரே புவியியல் பாடம் மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை பூமி களைத்துப்போய் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு நாற்பதுக்குச் சோற்று மணி. மணி ஒன்றரை. சத்துணவுக் கூடத்தில் சாம்பார் ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அதிகாரியே, இந்தப் பள்ளியில் மத்தியானம் வராதா என்று கேட்டாராம். எச்.எம். அம்மாவும் அவருமாக வந்து எங்கள் வகுப்பு வாசலில் நின்றார்கள்.

"தங்கப்பழம்" என்றார் எச்.எம். அம்மா. அது என் பெயர். மறந்துவிடுங்கள்.

நான் நிமிரவில்லை. "ஒரு நிமிஷம் மேடம், இன்னும் ரெண்டு புள்ளி இருக்கு" என்றேன்.

அதிகாரிக்குக் காது சிவந்துவிட்டது. மணி அடிக்கிற ஆள் யார் என்று கேட்டார். நாற்பத்தொரு பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவன்கூட என் பக்கம் திரும்பவில்லை. பயந்த பிள்ளைகள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு என் பேரில் ஒரு மெமோ வந்தால் பட்டியலில் பெயர் ஏறாது. பரீட்சையில் நூறு வாங்கினாலும் ஏறாது. நாற்காலி போச்சு.

சபூரா டீச்சர் முன்னால் வந்தார். அதே குரல், ஈ எழும்பாத குரல்.

"அவங்க மணி அடிக்கத்தான் எந்திரிச்சாங்க சார். நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கன்னு உக்கார வச்சேன். என் தப்பு."

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை பாருங்கள். புதிதாக வந்தவர், அதிகாரி முன்னால் தன் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்? பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டேன். மெமோ டீச்சருக்கு வந்தது. நேர ஒழுங்கை மீறி மாணவர்களின் உணவைத் தாமதித்தது என்று, அச்சடித்த மாதிரி ஒரு பக்கம். டீச்சர் பதில் எழுதிக் கொடுத்தார் என்று கேள்வி. என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். அந்த இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டீர்களா அண்ணாச்சி என்று.

வைத்துவிட்டேன் என்றேன். அதன்பிறகு பரீட்சை வரை மணி ஒரு விநாடி பிசகவில்லை. பிசகியிருந்தால் அதுவும் டீச்சர் தலையில் விழுந்திருக்கும். நன்றிக்காக இல்லை. வேலையில் எப்போதுமே நான் சுத்தம்.

தனித்தேர்வர்களுக்குப் பக்கத்து ஊரில் சென்டர். எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு என் மகன் வயது, சூப்பர்வைசர் என்று நினைத்து எனக்கு வணக்கம் வைத்தான். கேள்வித்தாள் வந்தது. வாய் தானாக ஏ, சி, சி என்று ஆரம்பித்தது. கடித்து நிறுத்தினேன். முதல் கேள்வி என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். ஆறு தடவை பரீட்சை எழுதியும் நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நாற்பத்து மூன்று வந்தது. எட்டு மார்க் வீண். ஆசீர்வாதம் சார் போட்ட அஸ்திவாரம், அப்புறம் என் உழைப்பு. முப்புடாதி தொண்ணூற்று நாலு. வகுப்பில் மூன்று பேரைத் தவிர எல்லோரும் தேறிவிட்டார்கள். ரிசல்ட் அன்று சபூரா டீச்சர் போர்டைப் பார்த்துவிட்டு அந்த மூன்று பேர் வீட்டுக்கும் போனார். தேறினவர்கள் மிட்டாய் நீட்டும்போது ஆளே இல்லை. வாங்கிச் சாப்பிட வேண்டியவன் நானாகிப் போனேன்.

பட்டியலில் பெயர் ஏறியது. கல்வி அலுவலகத்தில் பதிவறை, எனக்கு நாற்காலி. முதுகு உண்டு, கையும் உண்டு. மூன்று நாள் சாய்ந்தேன், நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை விடுங்கள். அங்கே என் வேலை பழைய காகிதங்களைப் பள்ளி வாரியாகப் பிரித்துக் கட்டி வைப்பது. அந்த அதிகாரி மாறிப் போய்விட்டார், அவர் காலத்து மெமோக்களெல்லாம் மூட்டையாகக் கிடந்தன. கட்டி வைத்தால் ஒவ்வொன்றும் உரியவருடைய ஃபைலில் போய் உட்காரும். பதவி உயர்வு வருகிற வேளையில் எழுந்து நிற்கும்.

புளியங்கேணிக் கட்டில் டீச்சருடைய மெமோ இருந்தது. பின்னால் குண்டூசி குத்தி அவருடைய பதில். நீல மை, குண்டு குண்டாக எழுத்து. நான் ஆபீஸ் காகிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை. கண்ணில் பட்டுவிட்டது. மணி அடிக்கும் தங்கப்பழம் பேரில் தவறில்லை என்று முதல் வரி. இரண்டாவது வரிதான் எனக்குப் புரியவில்லை. ஜனவரி இருபத்திரண்டு முதல் பிப்ரவரி பதினாறு வரை தினமும் பதினைந்து நிமிடம் என் பாடவேளை குறைந்தது, அது என் மாணவர் ஒருவருக்கு இருந்த பயத்தால் நேர்ந்தது, பயம் தெளிந்த பின் அந்த நேரத்தை ஈடுசெய்தேன், அவர் தேறுவார், நடவடிக்கை எதுவாயினும் பரீட்சைக்குப் பிறகு எடுக்கும்படி வேண்டுகிறேன்.

யார் அந்த மாணவர்? பன்னிரண்டு வருஷமாக யோசிக்கிறேன் தம்பி. முப்புடாதிக்குப் பயமே கிடையாது. வேறு யாராக இருக்கும் என்று நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துவிட்டேன். நாற்பத்தொன்றிலும் ஒருவன் அகப்படவில்லை.

அந்தக் காகிதம் இரண்டையும் எலி தின்றுவிட்டது. பதிவறை என்றால் எலி இருக்கும், அது அரசாங்கத்துக்கே தெரியும். என்ன சிரிக்கிறீர்கள்? நான் பார்க்க, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்தே தின்றது. நீல மை எலிக்கு ஆகாது என்பார்கள், இது டீயில் தொட்டுத் தொட்டுத் தின்றது. குண்டூசியை மட்டும் துப்பிவிட்டது. காகிதத்தில் என் பெயர் வந்திருந்தது, அதனால் எலிக்குக் கோபம். டீச்சருக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேட் திறந்துவிட்டான். டிரைவர் ஏறிவிட்டார். ஓடுகிற பஸ்ஸில் நான் பேச மாட்டேன், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய்ச் சேருகிற இடத்தில் எச்.எம். யார் என்று தெரியுமா? தற்காலிக வேலைதானே, ஆர்டர் போட்டது எச்.எம்.தான்; அதில் கையெழுத்தைப் பாருங்கள், அந்த நீல மைதான். போன வருஷம் பதவி உயர்வில் அங்கேயே வந்தார். ஃபைலில் ஒரு கரும்புள்ளி இல்லை என்று பாராட்டினார்களாம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் புளியமரத்தடியில் இறங்குங்கள். ஜாயின் பண்ணியதும் அவர் உங்களை உட்கார வைத்து, நம் பள்ளியைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று விடாமல் கேட்டால், பஸ்ஸில் யாரோ என்று சொல்லுங்கள். ரொம்பக் கேட்டால் ஒரு எலி சொன்னது என்று சொல்லிவிடுங்கள். இல்லை, வேண்டாம், வேண்டாம். எலி என்றால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். யாருமே சொல்லவில்லை என்று சொல்லுங்கள் தம்பி.